அர்பத்நாட் கம்பெனி முறிந்த கதை

 

பரிசளிப்பு விழா மலருக்குச் சரித்திரக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டதும், சோழர் கடாரம் கொண்டதை எழுதலாமா, மலாக்கா சுல்தான்களை எழுதலாமா என்று யோசித்தேன். அவையெல்லாம் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் சோதனைக்காகவாவது படித்துவிடுவார்கள். பாடப் புத்தகத்தில் அதிகம் இல்லாத சரித்திரம் ஒன்று உண்டு. அது திருட்டுப்போன பணத்தின் சரித்திரம். கன்னம் வைத்துத் திருடிய கதை அன்று. மேசை போட்டு, நாற்காலி போட்டு, ரசீதும் கொடுத்து, வணக்கமும் சொல்லித் திருடிய கதை.

கதைக்குப் போகுமுன் உங்களிடம் ஒரு கேள்வி. பால்மரம் வெட்டிய காலத்து ஆட்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பால் நிறுக்கும் கொட்டகையில் அவர்கள் எப்படி நிற்பார்கள் தெரியுமா? ஒரு கண் தராசு முள்ளில் இருக்கும், மற்றொரு கண் கிராணியாரின் பேனாவில் இருக்கும். "அய்யா, முள்ளு இன்னும் நிக்கலைங்க" என்று சொல்ல எழுத்தறிவே தேவைப்படவில்லை. செக்ரோலில் ஒரு நாள் பேர் விட்டுப்போனால் சம்பள நாளன்று அந்த அம்மாள் லயம் முழுக்கக் கேட்கும்படி நியாயம் பேசியிருப்பார். அப்படிப்பட்ட நம் ஆட்கள், பட்டணத்தில் குளிர்சாதன அறையில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் ஒரு தாளை நீட்டினால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இது ஏன்?

நம்மவர்களுக்கு மட்டும் வந்த வியாதி இது என்று நினைக்கவேண்டாம். படித்தவர்கள், வக்கீல்கள், பட்டம் பெற்றவர்கள் நிறைந்த சென்னைப் பட்டணமே ஒரு காலத்தில் இப்படித்தான் மோசம் போயிற்று.

அன்றைய சென்னையில் வெள்ளைக்காரர்களின் பெரிய வியாபார நிறுவனங்கள் மூன்று. பாரி, பின்னி, அர்பத்நாட். பாரி கம்பெனியின் பெயர் இன்றும் பாரிமுனையில் இருக்கிறது. பின்னி ஆலையைப் பற்றிப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்றாவதான அர்பத்நாட் கம்பெனி நூறாண்டுக் கால நிறுவனம். ஏற்றுமதி, இறக்குமதி, தோட்டங்களுக்கு ஏஜென்சி என்று பல தொழில் செய்ததோடு, பொதுமக்களிடம் டெபாசிட்டும் வாங்கியது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட். அரசாங்கமே 'சர்' பட்டம் கொடுத்த மனிதர். கவர்னர் மாளிகை விருந்தில் உட்காரும் மனிதர். அவரிடம் பணம் போடுவதும் அரசாங்கக் கஜானாவில் பணம் போடுவதும் ஒன்றே என்று சென்னை நம்பியது. பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர்கள், விதவைகள், சிறு வியாபாரிகள், வக்கீல்கள் எல்லாரும் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய் அங்கே போட்டார்கள்.

இந்தக் கம்பெனியின் இன்னொரு கை லண்டனில் இருந்தது. அங்கே பாட்ரிக் மக்ஃபாடியன் என்ற பங்காளி தம் பெயரிலேயே ஒரு நிறுவனம் நடத்தினார். சென்னையில் சேர்ந்த பணம் கடல் கடந்து அவர் கைக்குப் போய், ஊக வாணிபங்களில் இறங்கியது. ஊகம் என்றால் என்ன? கிடைத்தால் கொள்ளை லாபம், கிடைக்காவிட்டால் மொத்தமும் போயிற்று. நாலு பேர் முன்னால் கௌரவமாகப் பேசும் சூதாட்டம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நஷ்டம் வந்தது. வந்ததை வெளியில் சொல்லவில்லை. இங்கேதான், மாணவர்களே, நீங்கள் கவனிக்கவேண்டிய இடம் இருக்கிறது. வியாபாரத்தில் நஷ்டம் வருவது குற்றமாகாது. நஷ்டம் வந்து, கையில் இருப்பதைவிடக் கடன் கூடிப்போனது தெரிந்த பிறகும், ஒன்றும் நடக்காததுபோல் வாசலைத் திறந்துவைத்து, அடுத்து வருகிற கிழவியிடமும் டெபாசிட் வாங்கினார்கள் பாருங்கள், அதுதான் குற்றம். புதிதாக வந்த பணத்தை எடுத்துப் பழைய ஆளுக்கு வட்டி கொடுத்தார்கள். வட்டி தவறாமல் வந்ததால் பழைய ஆளும் திருப்தி, அவர் சொல்லக் கேட்டு வந்த புது ஆளும் திருப்தி. அர்பத்நாட் தனிப்பட்ட பங்காளிகளின் நிறுவனம். கணக்கை ஊருக்கு முன் வைக்கவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. காட்டச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. சர் பட்டம் பெற்றவரிடம் போய் யார் கேட்பது? கேட்பவரை அல்லவா ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும்?

1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முடிச்சு அவிழ்ந்தது. லண்டன் நிறுவனம் சாய்ந்தது. மக்ஃபாடியன் பூமிக்கடியில் ஓடும் ரயில் பாதையில் உயிரை விட்டார். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 22, திங்கட்கிழமை, அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. அன்று காலை வரை கையில் பணம் இருப்பதாக நினைத்திருந்தவர்கள் மாலையில் வெறும் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தவர் இருந்திருப்பார். கணவன் விட்டுப்போன பணத்தில் சோறு தின்றவர் இருந்திருப்பார். கடைசியில் அவர்களுக்குத் திரும்பிக் கிடைத்தது போட்டதில் ஒரு சிறு பங்குதான்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். அழுதுவிட்டு வீட்டுக்குப் போகாத ஒரு மனிதர் சென்னையில் இருந்தார். அவர் வி. கிருஷ்ணசாமி ஐயர் என்ற வழக்கறிஞர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கடன் கொடுத்தவர்கள் பக்கம் நின்று, கம்பெனியின் கணக்குப் புத்தகங்களைக் கோர்ட்டுக்கு இழுத்தவர்களில் அவர் முதன்மையானவர். புத்தகம் வெளியே வந்ததும் பட்டமும் பதவியும் காப்பாற்றவில்லை. 1907ல் சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு மோசடிக் குற்றத்துக்காகப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. வெள்ளைக்காரன் ஆட்சியில், வெள்ளைக்காரக் கோர்ட்டில், வெள்ளைக்கார 'சர்' ஒருவருக்கு! கணக்குப் புத்தகம் என்பது எவ்வளவு பலமுள்ள ஆயுதம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இடையில் ஒரு வார்த்தை. இதே கிருஷ்ணசாமி ஐயர்தான் அதே 1907ல் பாரதியாரின் தேசப் பாடல்களைத் தம் செலவில் பதினைந்தாயிரம் பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தவர். இத்தனைக்கும் அவர் மிதவாதி, பாரதியோ தீவிரவாதக் கட்சி. அரசியலில் எதிரும் புதிருமானவர்கள். நம் பள்ளியில் பாரதி விழா நடக்கும்போது இந்த மனிதரையும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்பது என் எண்ணம்.

பணம் போன சென்னை மக்களுக்கு அவர் இன்னொன்றும் செய்தார். கம்பெனி முறிந்த சில வாரங்களிலேயே, நம்மவர்களே நடத்தும் ஒரு வங்கி வேண்டும் என்று அவரும் நண்பர்களும் ஊரைக் கூட்டினார்கள். செட்டிநாட்டு இராமசாமி செட்டியார் போன்ற நகரத்தார் பெருமக்கள் பணத்தோடு வந்து சேர்ந்தார்கள். 1907 மார்ச் மாதம் இந்தியன் பேங்க் பதிவாகி, அதே ஆண்டு ஆகஸ்டு 15 அன்று வேலையைத் தொடங்கியது. இது பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டிய கம்பெனி.

"இதெல்லாம் ஊர்க் கதை சார், பொந்தியானில் இருக்கிற எங்களுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அந்த இந்தியன் பேங்க் மலாயாவுக்கும் வந்தது. ஊருக்குப் பணம் அனுப்பிய நம் தாத்தாக்களில் சிலர் அதன் வாசற்படி ஏறியிருப்பார்கள். 1973ல், இங்கே கிளை வைத்திருந்த இந்தியன் பேங்க், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், யுனைடெட் கமர்ஷியல் பேங்க் ஆகிய மூன்றும் ஒன்றாகி யுனைடெட் ஏசியன் பேங்க் ஆயின. அது 1991ல் பேங்க் ஆஃப் காமர்ஸில் கலந்தது. அது 1999ல் பேங்க் பூமிபுத்ராவுடன் சேர்ந்தது. 2006 முதல் அந்தப் பெரிய ஆறு சி.ஐ.எம்.பி. என்ற பெயரில் ஓடுகிறது. சம்பளப் பணம் எடுக்க அந்த வங்கியின் இயந்திரத்தில் அட்டை செருகுகிறீர்களே, அதன் பரம்பரையில் ஒரு கிளை 1906ல் சென்னையில் ஏமாந்துபோனவர்களின் கண்ணீரிலிருந்து முளைத்தது.

நல்ல நோக்கத்தோடு பிறந்தது என்பதற்காக ஒரு நிறுவனம் என்றைக்கும் நல்லதாகவே இருந்துவிடாது. இதையும் சொல்லாமல் விட்டால் சரித்திரம் ஆகாது. அந்த இந்தியன் பேங்கே 1996 மார்ச்சில் முடிந்த கணக்காண்டில் 1,336 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. திரும்பி வராத இடங்களுக்குக் கடனை அள்ளிக் கொடுத்ததன் பலன். அந்த ஆற்றில் கலந்த மற்றொரு கிளையான பேங்க் பூமிபுத்ராவின் கதை இன்னும் கொடியது. அது நம் நாட்டிலேயே நடந்தது.

பேங்க் பூமிபுத்ரா 1965ல் தொடங்கப்பட்டது. மலாய்க்கார மக்களைப் பொருளாதாரத்தில் தூக்கிவிடுவதற்காக ஏற்பட்ட வங்கி. அதற்கு ஹாங்காங்கில் பி.எம்.எஃப். என்ற துணை நிறுவனம் இருந்தது. அந்தத் துணை நிறுவனம், காரியன் என்ற பெயரில் நில வியாபாரம் செய்த ஜார்ஜ் டான் என்பவரின் கம்பெனிகளுக்குக் கடன்மேல் கடனாகக் கொடுத்தது. ஈட்டுக்குப் பொருள் போதாது. ஒரே ஆளுக்கு இவ்வளவு கொடுக்கலாமா என்ற கேள்வி இல்லை. கடன் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் சிலருக்குக் கடன் வாங்கும் இடத்திலிருந்து 'ஆலோசனைக் கட்டணம்' போய்ச் சேர்ந்தது. லஞ்சம் எப்போதும் லஞ்சம் என்ற பெயரில் வராது, கவனித்தீர்களா? காப்பிக் காசு, அன்பளிப்பு, கமிஷன், ஆலோசனைக் கட்டணம் என்று அது போடாத வேஷம் இல்லை. காரியன் 1983ல் விழுந்தபோது ஏறத்தாழ இரண்டரை பில்லியன் வெள்ளி போன இடம் தெரியவில்லை.

அந்தக் கணக்கைப் பார்க்க கோலாலம்பூரிலிருந்து அனுப்பப்பட்டவர் ஜலீல் இப்ராஹிம் என்ற வங்கி அதிகாரி. 1983 ஜூலை மாதம் ஹாங்காங்கில் அவர் கொலை செய்யப்பட்டார். உடல் ஒரு வாழைத் தோப்பில் கிடந்தது. பேரேட்டைத் திறந்து பார்ப்பது ஒருவரின் வேலை. அந்த வேலைக்குப் போன இடத்தில் அவர் உயிர் போயிற்று. பிறகு தலைமைக் கணக்காய்வாளர் அகமட் நூர்டின் தலைமையில் மூவர் குழு ஒன்று 1984ல் விசாரணையைத் தொடங்கி, நடந்ததைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்தது. அந்த அறிக்கை 1986ல் வெளியிடப்பட்டது. வங்கியைத் தூக்கி நிறுத்தியது பெட்ரோனாசின் பணம். பெட்ரோனாஸ் யாருடையது? நாட்டுடையது. ஆகவே சாயம் போனது ஹாங்காங்கில் என்றாலும், துணி நம்முடையது.

அந்த 1986ஆம் ஆண்டு மறக்கமுடியாத ஆண்டு. ஜூலையில் கொசாத்து என்ற கூட்டுறவுச் சங்கம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கமுடியாமல் நின்றது. ஆகஸ்டு 8ல் பேங்க் நெகாரா மேலும் 23 சங்கங்களை முடக்கியது. மொத்தம் 24. பணம் போட்டவர்கள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். போட்ட பணம் ஏறத்தாழ ஒன்றரை பில்லியன் வெள்ளி. அவர்களில் பெரும்பாலோர் சீனச் சமூகத்துச் சிறு வியாபாரிகள், குடும்பப் பெண்கள், கூலிக்காரர்கள். வங்கிபோலவே கிளை வைத்து, வங்கியைவிடக் கூடுதல் வட்டி சொல்லி வாங்கினார்கள். ஆனால் வங்கியைக் கண்காணிப்பதுபோல் யாரும் அவற்றைக் கண்காணிக்கவில்லை. உள்ளே பார்த்தால், இயக்குநர்கள் தங்களுக்கும் தங்கள் கம்பெனிகளுக்கும் கடன் கொடுத்திருந்தார்கள். நிலத்திலும் பங்குச் சந்தையிலும் விளையாடியிருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுக்க அரசாங்கம் வழி செய்தது. ஆனால் அது ஒரே நாளில் கைக்கு வரவில்லை.

சென்னைக்கும் இதற்கும் எண்பது ஆண்டு இடைவெளி. வித்தை ஒன்றே.

கூட்டுறவு என்றாலே பயப்படுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960ல், துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. வாங்கிய பணம் மரமாகவும் மண்ணாகவும் கண் முன்னே நின்றது.

நம் வீட்டு வாசலுக்கு வருவோம். கூட்டுக் கட்டுவது நமக்குப் பழக்கமான காரியம். பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் நூறு வெள்ளி போட்டு முறைவைத்து எடுப்பார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்துக்கும் தீபாவளிக்கும் அதுதான் கை கொடுத்தது. தெரிந்த பத்து முகம், எதிர் எதிர் வீடு, கணக்கு எல்லார் மனத்திலும் இருக்கும். அதையே ஒருவர் தொழிலாக எடுத்து, முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களிடம் வாங்கத் தொடங்கியபோது பலர் பணத்தோடு ஓடினார்கள். அதனால்தான் 1971ல் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. கூட்டை வியாபாரமாக நடத்துவது குற்றம். நம் வாயில் புழங்கும் 'கூட்டு' என்ற சொல்லே மலேசியச் சட்டத்தின் பெயரில் ஏறியிருக்கிறது. பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

1980களில் பேராவில் பாக் மான் தெலோ என்பவர் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்று சொல்லிப் பல்லாயிரம் பேரிடம் பணம் வாங்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கும் முன்னால் 1920ல் அமெரிக்காவில் போஸ்டன் நகரத்தில் சார்ல்ஸ் போன்சி என்பவர் 45 நாளில் நூற்றுக்கு ஐம்பது லாபம் என்றார். உலகமெங்கும் இந்த வித்தைக்கு இன்று அவர் பெயர்தான். இதை நான் வகுப்பில் கணக்காகவே போட்டுக் காட்டுவதுண்டு. ஆறாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய கணக்குதான். நூறு பேர் ஆளுக்கு ஆயிரம் வெள்ளி கொடுக்கிறார்கள். மொத்தம் ஒரு லட்சம். மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் வட்டி பத்தாயிரம். வேறு தொழில் எதுவும் இல்லாமல் அந்த ஒரு லட்சத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தால் எத்தனை மாதம் ஓடும்? பத்து மாதம். பத்தாம் மாதம் பெட்டி காலி. ஆனால் நூறு பேருக்கும் முதல் பாக்கி அப்படியே நிற்கிறது! பெட்டி காலியாகாமல் இருக்கவேண்டுமானால் மாதம் பத்துப் புது ஆள் வேண்டும். அவர்களுக்கும் வட்டி வேண்டுமே, ஆகவே அடுத்த மாதம் இன்னும் கூடுதல் ஆள் வேண்டும். இதனால்தான் உங்களிடம் "உங்க சொந்தக்காரங்களையும் சேர்த்துவிடுங்க" என்று சொல்கிறார்கள்.

எங்கள் வட்டாரத்தில் பணி ஓய்வு பெற்ற ஒருவர். 55 வயதில் எடுத்த சேம நிதிப் பணத்தில் முப்பதாயிரம் வெள்ளியை இப்படி ஒரு திட்டத்தில் போட்டார். நாலு மாதம் ஒழுங்காக வந்தது. ஐந்தாம் மாதம் மைத்துனியையும் சேர்த்துவிட்டார். ஆறாம் மாதம் கைத்தொலைபேசி எடுபடவில்லை. என்னிடம் புகார்க் கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்தபோது, "பணம் கொடுக்குமுன் எந்தக் கம்பெனி, என்ன தொழில் என்று கேட்கவில்லையா?" என்றேன். "மருமகன் மொற வேணும் சார். கேட்டா தப்பா நினைச்சுக்குவாரேன்னு பார்த்தேன்" என்றார். முப்பதாண்டு வேலையின் பலன் அந்தக் கூச்சத்தில் போயிற்று. சென்னைக்காரருக்கு 'சர்' பட்டத்தின் மேல் கூச்சம். இவருக்கு உறவுமுறையின் மேல் கூச்சம். தராசு முள்ளைப் பார்த்த அதே கண்கள்தான் என்று நினைக்கும்போது மனம் வேகிறது.

என்ன கேட்பது என்பதில் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. இந்தப் பணத்தைக் கொண்டு நீங்கள் என்ன தொழில் செய்து எனக்கு லாபம் தருகிறீர்கள்? உங்களுக்குப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்க அனுமதி கொடுத்தது யார்? ரசீதில் யார் பெயர்? பணம் கம்பெனிக் கணக்குக்குப் போகிறதா, ஒரு தனி ஆளின் கணக்குக்குப் போகிறதா? நேர்மையான ஆள் பதில் சொல்வார். மற்றவர் கோபிப்பார், அல்லது "இன்னிக்கே முடிவு சொல்லணும்" என்று அவசரப்படுத்துவார். அனுமதி இல்லாத நிறுவனங்கள், திட்டங்கள் பற்றி எச்சரிக்கும் பட்டியல் ஒன்றை பேங்க் நெகாரா இணையத்தில் வைத்திருக்கிறது. இரண்டாம் படிவம் படிக்கிற உங்கள் பிள்ளை ஐந்து நிமிடத்தில் தேடித் தருவான். அதில் பெயர் இல்லையென்றால் நல்ல கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். புதிய மோசடியின் பெயர் பட்டியலில் ஏறுமுன் பலர் பணம் போய்விடும். வணிக வங்கியிலோ இஸ்லாமிய வங்கியிலோ போட்ட பணத்துக்கு, அந்த வங்கி முறிந்தாலும், ஒருவருக்கு ஒரு வங்கியில் இரண்டரை லட்சம் வெள்ளி வரை பி.ஐ.டி.எம். என்ற காப்புறுதிக் கழகம் பொறுப்பேற்கும். இது 2005ல் ஏற்பட்ட ஏற்பாடு. அர்பத்நாட் காலத்துக் கிழவிக்கு இது இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணத்துக்கு இன்றும் இந்தக் காப்புறுதி இல்லை. அதைக் கவனிக்க 2008 முதல் கூட்டுறவு ஆணையம் இருக்கிறது.

வாலிபப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். "உன் ஏ.டி.எம். அட்டையைக் கொடு, மாதம் சில நூறு வெள்ளி தருகிறேன்" என்று கேட்கும் ஆட்கள் இந்தப் பக்கமும் உலவுகிறார்கள். ஏமாற்றிய பணத்தை ஒளித்துவைக்க அவர்களுக்கு வேறு ஒருவன் பெயரில் கணக்கு வேண்டும். போலீஸ் தேடிக்கொண்டு வருவது கணக்கில் பெயர் உள்ளவனைத்தான். 2024ல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே புதுப் பிரிவுகள் சேர்த்திருக்கிறார்கள். பையன் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்னால் தப்பிவிடலாம் என்று இருக்கவேண்டாம். பணம் ஏமாந்து போனது தெரிந்தால், அழுதுகொண்டு உட்காராமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் பிடிக்கவேண்டும். அதில் மணிக்கணக்கு, நிமிடக்கணக்கு எல்லாம் முக்கியம்.

லஞ்சத்துக்கு வருவோம். நம் நாட்டில் 1961லேயே ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது. 1967ல் தனி நிறுவனம் ஏற்பட்டது. அதுதான் 2009 முதல் ஊழல் தடுப்பு ஆணையமாக இருக்கிறது. வாங்குபவருக்கு மட்டும் தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். கொடுப்பவருக்கும் உண்டு. இருபது ஆண்டு வரை சிறை, கொடுத்த தொகையைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு அல்லது பத்தாயிரம் வெள்ளி, இதில் எது அதிகமோ அது அபராதம். தகவல் கொடுப்பவரின் பெயரைக் காக்க 2010ல் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். "சின்ன ஆளுக்கு மட்டும் சட்டம், பெரிய ஆளுக்கு இல்லை" என்று காப்பிக் கடையில் பேசிக்கொள்வதை நானும் கேட்டிருக்கிறேன். பல நேரங்களில் அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் 1எம்.டி.பி.யின் கிளை நிறுவனமாக இருந்த எஸ்.ஆர்.சி.யின் 42 மில்லியன் வெள்ளி சம்பந்தமான வழக்கில், நாட்டின் பிரதமராக இருந்தவரே 2022 ஆகஸ்டு 23 அன்று சிறைக்குப் போனார். பிறகு தண்டனை பாதியாகக் குறைக்கப்பட்டதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அந்த வழக்கிலும் பேசியது பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு எந்தத் தேதியில் போயிற்று என்ற காகிதங்கள்தான்.

மோசடி செய்பவன் மிகவும் பயப்படுவது போலீசுக்கு என்று நினைக்கிறோம். போலீஸ் வருவது எல்லாம் முடிந்த பிறகு. அவன் பயப்படுவது முதல் நாளே "கணக்கைக் காட்டுங்க" என்று கேட்கிற சாதாரண ஆளுக்கு. கோயில் திருவிழா வரவுசெலவு, சங்கத்து நிதி, மரணச் சகாய நிதி, கால்பந்துக் குழுவுக்குச் சட்டை வாங்கிய பணம் இவற்றிலெல்லாம் கேட்கிற பழக்கம் இருக்கிற ஊரில் வெளியூர்த் திட்டக்காரர் நீண்ட நேரம் உட்காரமாட்டார்.

நம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் ஒன்றில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாயார் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் போட்ட வாடகை போன வருசத்தைவிட எரநூறு வெள்ளி கூட இருக்கே, ஏங்க?" என்று கேட்டார். மண்டபம் ஒரு நொடி அமைதியாகிவிட்டது. பொருளாளர் கோப்பைத் திறந்து, ரசீதை எடுத்து, "இந்த வருசம் மழைக்காலமா இருந்ததால ஒரு கூடாரம் கூடப் போட்டோம்மா, பாருங்க" என்று அவரிடமே கொடுத்தார். அந்த அம்மாள் ரசீதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "சரிங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மேலும் மூன்று பேர் கை தூக்கினார்கள்.